பரணில் இருந்த ஈஸ்டர் புத்தகம்

வலியசாலை அக்ரகாரத்து வீட்டைச் சென்ற மாசி மாதம் காலி செய்தோம். அம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. திண்ணையிலிருந்து தெருவுக்கு இறங்கும் மூன்று படிகளே அவருக்கு மலையாகிவிட்டன. கரமனையில் மூத்த அண்ணா வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்தூக்கி உண்டு என்ற ஒரே காரணத்துக்காக அம்மா சம்மதித்தார். பாத்திரங்களும் கட்டில்களும் ஒரே நாளில் வண்டியேறின. பரணில் இருந்தவற்றை இறக்கத்தான் மூன்று நாட்கள் ஆயின. அண்ணா, அக்கா, இதை எழுதும் இளையவர் என நாங்கள் மூவரும் கூடி உட்கார்ந்து, எதைக் கொண்டு போவது, எதைக் கழிப்பது என்று வழக்காடினோம்.

அங்கே ஒரு தகரப் பெட்டி இருந்தது. கரையான் அரித்துவிடாமல் இருக்க அப்பா அதன் நான்கு மூலைகளிலும் வேப்பிலைக் கட்டுகளைப் போட்டு வைத்திருந்தார். இலைகள் பொடிப்பொடியாகிவிட்டன, புத்தகங்கள் பிழைத்திருந்தன. நாங்கள் படித்து வளர்ந்த படப்புத்தகங்கள் அனைத்தும் அதற்குள் இருந்தன. அவற்றின் அடியில், செய்தித்தாளில் சுற்றிக் கட்டிய, எங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு புத்தகமும் இருந்தது. அந்தக் கட்டைப் பார்த்ததும் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். உள்ளே என்ன இருக்கிறது என்று மூவருக்கும் தெரியும், அம்மாவுக்குத்தான் தெரியாது.

ஊரைப் பற்றிச் சற்றே சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாக நடந்தால், வாசனைப் பொருள்களின் நெடியும் சாக்குமூட்டைகளும் முடியும் இடத்துக்குப் பின் ஆரியசாலை; அதைக் கடந்தால் வலியசாலை. ‘வலிய’ என்றால் பெரிய. பெரிய சாலை என்பது இங்கே வண்டி ஓடும் பாதையைக் குறிப்பதன்று. பண்டைய கல்விச் சாலையைக் குறிப்பது. முதலாம் இராசராச சோழனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் காந்தளூர்ச் சாலை இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வேறிடம் சொல்வோரும் உண்டு. இங்குள்ள சிவன் கோயிலுக்குக் காந்தளூர் மகாதேவர் கோயில் என்றே இன்றும் பெயர். கோயிலை ஒட்டி இருபுறமும் சுவரோடு சுவர் சேர்ந்த ஓட்டு வீடுகள், அப்பால் கிள்ளியாறு. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், பள்ளியில் இரண்டும் கலந்த ஒரு மொழி. இப்படித்தான் வளர்ந்தோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்விக்குப் பெயர்பெற்ற இடத்தில், எங்கள் கல்வி பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், திண்ணையில் குப்புறப் படுத்துக்கொண்டு நடந்தது.

பெட்டியில் மேலாக இருந்தவை ‘அம்புலிமாமா’ இதழ்கள். நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய இதழ் அது. வேதாளத்தைத் தோளில் சுமந்து, உருவிய வாளுடன் நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த விதத்தில்தான் எங்களுக்கு இன்றும் அரசன் என்றால் உருவம் தோன்றுகிறது. அவற்றுக்குக் கீழே, அனந்த் பை 1967இல் தொடங்கிய ‘அமர் சித்திரக் கதை’ நூல்கள். அதற்கும் கீழே, டெல்லியிலுள்ள சில்ரன்ஸ் புக் டிரஸ்ட் வெளியிட்ட மெல்லிய படநூல்கள். அந்நிறுவனத்தை 1957இல் நிறுவிய கார்ட்டூனிஸ்ட் சங்கர் காயங்குளத்தில் பிறந்தவர்; திருவனந்தபுரத்தில் கல்லூரிப் படிப்பை முடித்தவர். ‘நம்ம ஊர்க்காரர்’ என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார்.

எடையில் மிகுந்தவை ரஷ்யப் புத்தகங்கள். மாஸ்கோவில் தமிழிலேயே மொழிபெயர்க்கப்பட்டு, அங்கேயே அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக நம் வீடுகளுக்கு வந்தவை. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றோர் அங்கே தங்கி இப்பணியைச் செய்தனர். தாள் தடிமன், விலையோ சொற்பம். ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ நூலை எங்கள் அப்பாவின் கதை என்றே அக்கா சில காலம் நம்பியிருந்தார். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அப்புத்தகங்களின் வரவும் நின்றது. ஒரு நாடு மறைந்த செய்தி எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் புத்தகக் கண்காட்சி வண்டி வராததன் மூலமாகத்தான் தெரிய வந்தது.

இவை எல்லாம் விடுமுறையோடு சேர்ந்த நினைவுகள். கேரளத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு முடிவது மார்ச் இறுதியில். அதன்பின் வருவன அனைத்தும் பண்டிகைகள். எங்கள் வீட்டில் மாசியும் பங்குனியும் கூடும் வேளையில் காரடையான் நோன்பு. சில நாள் சென்றால் பின்தெருவில் வசித்த கிறிஸ்தவக் குடும்பத்தில் கொழுக்கட்டைச் சனி.

அந்தக் குடும்பம் திருவல்லைப் பக்கத்திலிருந்து வந்து வாடகைக்குக் குடியிருந்த சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். தந்தை அரசு அலுவலகத்தில் எழுத்தர். தாய் குவைத்தில் செவிலியர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவார். வீட்டை நடத்தியவர் பாட்டி. அவரை நாங்களும் ‘அம்மச்சி’ என்றே அழைத்தோம். அவருடைய பேத்தி அக்காவின் வகுப்புத் தோழி. எங்கள் தெருவுக்கும் அவர்கள் தெருவுக்கும் இடையே ஒரு கிணற்றடிச் சந்து மட்டுமே.

கொழுக்கட்டைச் சனி என்பது குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய நாள். ஐம்பது நோன்பு காக்கும் வீடுகளில் அன்று அரிசிமாவுக்குள் தேங்காய்த் துருவலும் வெல்லமும் பொதிந்து அவிப்பார்கள். எங்கள் வீட்டில் பிள்ளையார் சதுர்த்திக்குச் செய்யும் பூரணக் கொழுக்கட்டையேதான். சீரகம் சேர்ப்பதும் உருண்டை வடிவமுமே வேறுபாடு. அக்ரகாரத்துக்கும் அம்மச்சியின் அடுக்களைக்கும் இடையில் தயக்கமின்றிக் கடந்து போக முடிந்த பலகாரம் இது ஒன்றே. மீனும் முட்டையும் இல்லாத நோன்புக் காலத்தில் செய்யப்படுவது என்பதால் எங்கள் பாட்டியும் முகம் சுளித்ததில்லை. ‘நம்ம கொழுக்கட்டைதானே’ என்று சொல்லி ஒன்றை எடுத்துக்கொள்வார். ஆனால், சமையலறைக்குள் கொண்டு போக மாட்டார், திண்ணையிலேயே உண்பார். அக்கால வழக்கங்களின் எல்லைகள் அவ்வாறு இருந்தன. அவற்றை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

பெரிய வியாழன் இரவு அவர்கள் வீட்டில் பெசஹா அப்பம். அரிசிமாவும் உளுந்தும் சேர்த்து, புளிக்க விடாமல் அவித்த அப்பம். குருத்தோலை ஞாயிறன்று கோயிலிலிருந்து கொண்டு வந்த ஓலையைச் சிலுவையாக்கி அதன்மேல் வைப்பார்கள். குடும்பத்தில் மூத்தவர் வேண்டுதல் சொல்லி அதைப் பகிர்ந்து, தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்த பாலில் தோய்த்து, வயது வரிசையில் கொடுப்பார். அந்த ஆண்டில் சாவு நிகழ்ந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை. உறவினர் கொண்டு வந்து கொடுப்பார்கள். வெளியாருக்கு இந்த அப்பத்தைக் கொடுக்கும் வழக்கம் அம்மச்சியிடம் இல்லை. பாட்டிக்குத் திண்ணை எப்படியோ, அம்மச்சிக்கு இந்த அப்பம் அப்படி. இரு பாட்டிமாரும் ஒருவர் எல்லையை ஒருவர் நன்கு அறிந்திருந்தனர். அதனாலேயே நெடுங்காலம் நட்பாக இருந்தனர் என்று இப்போது தோன்றுகிறது.

ஈஸ்டர் ஆண்டுதோறும் இடம் மாறும் பண்டிகை. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. ஆகவே மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். விஷுவும் தமிழ்ப் புத்தாண்டும் சூரியன் மேஷத்தில் புகுவதைப் பற்றி நிற்பவை, அசைவது அரிது. சில ஆண்டுகளில் இவை இரண்டும் தோளோடு தோள் உரசும். 1990 அத்தகைய ஆண்டு. ஏப்ரல் 13 புனித வெள்ளி, 14 சனிக்கிழமை பிரமோதூத ஆண்டுப் பிறப்பும் விஷுவும், 15 ஈஸ்டர்.

அந்த ஆண்டுதான் குவைத்திலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. அதில் மிட்டாய்களுடன் ஒரு ஆங்கிலப் படப்புத்தகம். உடன் பணியாற்றிய அமெரிக்கப் பெண்மணி ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுச்சென்றதாம். கேதரீன் மில்ஹவுஸ் எழுதி வரைந்த ‘தி எக் ட்ரீ’. 1950இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு அமெரிக்காவின் சிறந்த படநூலுக்கான கால்டெகாட் பதக்கம் பெற்ற நூல் என்பது எங்களுக்குப் பிற்காலத்தில் தெரிந்தது. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானிய மரபினரின் ஈஸ்டர் வழக்கத்தைச் சொல்வது. பாட்டி வீட்டுப் பரணில் பழைய வண்ண முட்டைகளை ஒரு சிறுமி கண்டெடுக்கிறாள். அவற்றை ஒரு மரக்கிளையில் தொங்கவிடுகிறார்கள். பார்க்க ஊரே வருகிறது. கதை அவ்வளவே.

நாங்கள் அறிந்த ஈஸ்டரில் வண்ண முட்டை கிடையாது. அம்மச்சி வீட்டில் முட்டை என்றால் ஞாயிறு காலை பாலப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளும் கறி. முட்டையில் மானும் பூவும் வரைந்து மரத்தில் தொங்கவிடுவார்கள் என்பது அம்மச்சிக்கே வேடிக்கையாக இருந்தது. தோழிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, எங்களுக்கும் அப்படித்தான். படங்களைப் பார்த்து நாங்களே கதை கட்டினோம். முதல் ஏட்டில் அவளுடைய தாய் மலையாளத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார். பெரிய வியாழனன்று அந்தப் புத்தகத்தை எங்களுக்கு இரவல் கொடுத்தாள். ஈஸ்டர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை.

விஷுக்கனி வைக்கும் முறையை அறியாத வாசகர்களுக்காக: முந்தைய இரவே உருளியில் நெல் அல்லது அரிசி பரப்பி, கனிவெள்ளரி, மாங்காய், பலா, தேங்காய், கோடி வேட்டி, வால்கண்ணாடி, பொன், நாணயம், எல்லாவற்றுக்கும் மேலே கொன்றைப்பூ என அடுக்குவார்கள். கூடவே ஒரு கிரந்தமும் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இராமாயணம். அதனருகே பிள்ளைகள் தங்கள் புத்தகம் ஒன்றையும் வைக்கலாம் என்று அம்மா ஒரு சலுகை அளித்திருந்தார். விடியுமுன் கண்ணைப் பொத்தி அழைத்துவந்து நிறுத்தும்போது அந்தப் புத்தகமும் கண்ணில் பட்டால் ஆண்டு முழுவதும் படிப்பு வரும் என்பது நம்பிக்கை. அவ்வாண்டு எங்களிடம் புதிய புத்தகம் இல்லை. இருந்தவற்றுள் மிக அழகானது இரவல் புத்தகம்தான். முட்டை மரம் விரிந்திருந்த பக்கத்தைத் திறந்து, அம்மா உறங்கச் சென்றபின், உருளிக்கு அருகில் சாய்த்து வைத்தோம்.

அதிகாலையில் பாட்டி தம் கண்ணாடி இல்லாமலே கனி கண்டார். புத்தகத்தைக் கூர்ந்து பார்த்து, ‘என்ன காய் இது, கொலுவுக்கு வைக்கிற மாதிரி?’ என்று கேட்டார். அக்ரகாரத்து விஷுக்கனியில் முட்டை இடம்பெற்ற செய்தியைச் சொல்லும் துணிவு எங்களுக்கு இல்லை. ‘மரத்துக் காய் பாட்டி’ என்றோம். பாட்டி இறக்கும்வரை அது காய்தான்.

விபத்து அதற்குப் பின் நேர்ந்தது. கைநீட்டம் வாங்கும் பரபரப்பில் எங்களில் ஒருவரின் கை நிலவிளக்கில் பட்டு எண்ணெய் சிந்தியது. குங்குமச் சிமிழும் சாய்ந்தது. யாருடைய கை என்பதில் மூவருக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. முட்டை மரத்தின் பக்கம் முழுவதும் சிவந்த எண்ணெய்க்கறை. எண்ணெயை உறிஞ்சும் என்று அண்ணா முகப்பவுடரைக் கொட்டினார். அது குங்குமத்தோடு குழைந்து, கறை இருமடங்காகி, இளஞ்சிவப்புச் சேறாகப் படிந்தது.

ஞாயிறு போயிற்று. தோழி கேட்டாள். இன்னும் படித்து முடியவில்லை என்றோம். ஒரு பக்கத்துக்குச் சில வரிகளே உள்ள புத்தகத்துக்கு அது நல்ல பதில் அன்று. பிறகு மீண்டும் கேட்டாள். பள்ளி திறந்தது, மழை வந்தது. கறை போனபின் கொடுத்துவிடலாம் என்று நாங்கள் உண்மையாகவே எண்ணியிருந்தோம். கறை தானாகப் போகும் என்று ஏன் நம்பினோம் என்பதை இப்போது விளக்க முடியவில்லை.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. திருவனந்தபுரத்தில் எத்தனை வீடுகளில் அன்று அடுப்பு எரியவில்லை என்பதை அக்காலத்தில் இங்கிருந்தவர்கள் அறிவார்கள். பின்தெரு வீட்டுக்கு வாரக்கணக்கில் ஒரு செய்தியும் இல்லை. தொலைபேசி இணைப்பு இல்லை, கடிதம் இல்லை, மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பணமும் நின்றது. அங்கே சேமித்த தினார் கைக்கு வருமா, அதற்கு மதிப்புண்டா என்பதே கேள்வியாயிற்று. அப்பாவும் தோழியின் தந்தையும் இரவு நெடுநேரம் வானொலியின் அருகில் உட்கார்ந்திருப்பார்கள். ஜோர்தானின் அம்மான் நகரம் வழியாக ஏர் இந்தியா விமானங்கள் 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியரைத் தாயகம் கொண்டு சேர்த்த அந்த மாதங்களில், வந்திறங்கியோர் பெயர்களைத் தேடுவதே பலருக்கு அன்றாட வேலை.

அந்த நாட்களில் ஒரு மாலை தோழி எங்கள் திண்ணைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. ‘அம்மா எழுதின பக்கத்தை மட்டும் பார்த்துட்டுத் தரேன்’ என்று கேட்டாள்.

புத்தகம் எங்கே என்று தெரியவில்லை, தேடித் தருகிறோம் என்றோம்.

அது அப்போது பரணில் இருந்தது. அன்றைக்குக் காலையில்கூட ஏறி அதைப் பார்த்திருந்தோம். அவளுக்கு வேண்டியிருந்தது முதல் ஏடு. அதில் ஒரு துளிக் கறையும் இல்லை. அதைக் கொடுத்திருக்கலாம். மற்றப் பக்கத்தைப் பார்த்துவிடுவாள் என்ற அச்சம் எங்களைத் தடுத்தது. அவளுடைய தாய் உயிரோடு இருக்கிறாரா என்பது தெரியாத வேளையில், ஒரு எண்ணெய்க்கறைக்காகப் பொய் சொன்னோம்.

செப்டம்பர் இறுதியில் அவர் அம்மான் வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தார். கையில் ஒரு சிறு பை மட்டும். வெளிநாட்டு வருமானம் நின்றபின் நகரத்து வாடகை தாங்காது என்று அக்டோபரில் வீட்டைக் காலி செய்து சொந்த ஊருக்குப் போனார்கள். வண்டி புறப்படும் நேரத்தில் மூவரும் கோயிலுக்குள் போய் நின்றுகொண்டோம். ஒரு வரியாக இங்கே எழுதிவிட்ட இதை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாங்கள் எங்களுக்குள்கூடப் பேசிக்கொண்டதில்லை.

பரணில் கட்டை அவிழ்த்த அன்று மாலை அம்மாவிடம் சொன்னோம். அண்ணாவுக்கு ஐம்பது நெருங்குகிறது. சொல்லும்போது குரல் பத்து வயதுக்குப் போய்விட்டது. அம்மா கடிந்துகொள்ளவில்லை. புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, ‘முதல்ல அதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்கோ’ என்றார்.

யாரிடம், எங்கே? இதை எழுதுபவர் வங்கியில் பணிபுரிவதால் அக்கா உடனே கேட்டார்: ‘பெயரைப் போட்டுக் கணினியில் தேட முடியாதா?’ முடியும், செய்யக் கூடாது. வாடிக்கையாளரின் விவரங்கள் அவருடைய கணக்கை நடத்துவதற்காக எங்களிடம் ஒப்படைக்கப்பட்டவை; எங்கள் சொந்தக் காரியம் எவ்வளவு நல்லதாயினும் அதற்கு உரியவை அல்ல. வணிகவியல் மாணவராக 1924ஆம் ஆண்டின் டூர்னியர் வழக்கைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தது உண்டு. வங்கியின் இரகசியம் காக்கும் கடமையை வரையறுத்த இங்கிலாந்துத் தீர்ப்பு அது. அந்தக் கடமையின் கனம் சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அக்காவுக்கு இந்த விளக்கம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அதே பெட்டியில் எங்கள் மூவரின் பெயரிலும் சிறுவர் சேமிப்புக் கணக்குப் புத்தகங்களும் கிடைத்தன. விஷுக் கைநீட்டக் காசை அப்பா அவற்றில் போட்டு வந்தார். அண்ணாவும் அக்காவும் வேலைக்குப் போனபின் தங்கள் கணக்குகளை முடித்துவிட்டிருந்தனர். மூன்றாவது கணக்கில் 1998க்குப் பின் ஒரு வரவு செலவும் இல்லை, மீதி ரூ. 340. வங்கி அலுவலரின் சொந்தக் கணக்கே இப்படிக் கிடந்தது என்று ஒப்புக்கொள்வதில் சிறிது வெட்கம்தான். வாசகர்களில் பலர் வீட்டிலும் இவ்வாறு இருக்கக்கூடும். பத்து ஆண்டுகள் இயங்காத கணக்கின் தொகை, 2014இல் ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். அதனால் அது தொலைந்துவிடுவதில்லை. உரியவரோ வாரிசோ எப்போது வந்து கேட்டாலும் வங்கி கொடுத்தாக வேண்டும். 2023 முதல் ரிசர்வ் வங்கியின் ‘உத்கம்’ இணையதளத்தில் பெயருடன், பான் எண்ணோ பிறந்த தேதியோ இன்ன பிற அடையாளமோ தந்து, பல வங்கிகளில் ஒரே நேரத்தில் தேடலாம். தேடல் மட்டுமே அங்கே. பணம் பெற, அடையாளச் சான்றுகளுடன் வங்கிக் கிளைக்குத்தான் செல்ல வேண்டும். எங்கள் விண்ணப்பத்தைக் கொடுத்த கிளையில் இருந்த இளம் அலுவலர், 340 ரூபாய்க்கா இவ்வளவு படிவம் என்று பார்வையாலேயே கேட்டார். நாங்களும் பார்வையாலேயே பதில் சொன்னோம்.

புத்தகத்துக்கு அப்படியோர் இணையதளம் இல்லை. பின்தெரு வீட்டின் உரிமையாளர் காலமாகி நாளாயிற்று. அவருடைய மகன் சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்கிறார். பழைய வாடகைக் குறிப்பேட்டைத் தேடி எடுத்து, அதிலிருந்த சொந்த ஊர் முகவரியைக் கொடுத்தார். இன்னார் பிள்ளைகள், இன்ன காரணத்துக்காகத் தேடுகிறோம், விருப்பம் இருந்தால் தொடர்புகொள்ளலாம் என்று மலையாளத்தில் ஒரு கடிதம் எழுதினோம். காரணத்தை எழுதும் இடத்தில் மூன்று முறை தாளைக் கிழிக்க நேர்ந்தது. ‘தொலைந்துபோன புத்தகம்’ என்று எழுதிய முதல் தாளைக் கிழித்தவர் அக்கா.

பதினெட்டு நாட்கள் கழித்துத் தொலைபேசி வந்தது. தோழி செங்கன்னூரில் ஆசிரியையாக இருக்கிறார். மணிக்கணக்கில் பேசினார். கிணற்றடிச் சந்தை நினைவு வைத்திருந்தார். எங்கள் அம்மா தலை பின்னிவிட்டதை, விஷுவுக்கு அப்பா கொடுத்த ஒரு ரூபாய் நாணயத்தை, பாட்டி திண்ணையில் கொழுக்கட்டை உண்டதைச் சொன்னார். புத்தகம் அவருக்கு நினைவில்லை. திண்ணைக்கு வந்து கேட்டதும் நினைவில்லை. அந்த ஆகஸ்டில் எதுவுமே மனத்தில் பதியவில்லை என்றார். நாங்கள் சொல்லி முடித்தபின் சிறிது நேரம் மறுமுனையில் ஓசையில்லை. ‘அம்மா இங்கேதான் இருக்காங்க. அவங்ககிட்டே பேசுங்க’ என்று கொடுத்துவிட்டார்.

அவருக்கு எண்பது வயது. நினைவு தெளிவாக இருந்தது. அமெரிக்கப் பெண்மணியின் பெயர், மருத்துவமனைத் தளம், பொட்டலத்தை ஊருக்குக் கொண்டுவந்தவர் யார் என்பது வரை சொன்னார். குவைத்தில் வைத்திருந்த மற்ற எல்லாம் போயிற்று என்றார். பின்னாளில் ஐக்கிய நாடுகள் இழப்பீட்டு ஆணையம் வழியாக ஒரு தொகை வந்தது, ஆனால் தொகை வேறு, பொருள் வேறு என்றார். பின்பு, தாம் எழுதியது அதில் இன்னும் இருக்கிறதா, வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். அக்கா முதல் ஏட்டைத் திறந்து வாசித்தார். மகளின் பெயர், அதன்கீழே, வரும்போது நானே இதை வாசித்துத் தருகிறேன் என்ற ஒரு வரி, தேதி.

தபாலில் அனுப்ப வேண்டாம் என்றார். ஈஸ்டருக்கு நேரில் கொண்டுவரச் சொன்னார்.

ஈஸ்டர் காலையில் மூவரும் தம்பானூரிலிருந்து இரயில் ஏறினோம். அம்மா வர இயலவில்லை. வெல்லமும் தேங்காயும் வைத்த கொழுக்கட்டை செய்து வாழையிலையில் கட்டிக் கொடுத்தனுப்பினார், இம்முறை சீரகம் போட்டு. அங்கே எங்களுக்கெனப் பாலப்பமும் காய்கறி ஸ்டூவும் தனி அடுப்பில் ஆகியிருந்தன. உணவுக்கு முன்பே புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடி அணிந்துகொண்டு, பேத்தியையும் மகளையும் இருபுறமும் உட்கார வைத்து அவர் வாசிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் ஒரு வரி, மலையாளத்தில் ஒரு வரி. கறைப் பக்கம் வந்தபோது நாங்கள் மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வாசிப்பதை நிறுத்திப் பக்கத்தை மூக்கருகில் கொண்டுபோனார். பவுடர் வாசனை இன்னும் போகவில்லையே என்றார். அக்காவும் வாங்கி முகர்ந்து பார்த்தார்; எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.